தொண்டு நிறுவன ஓட்டத்துக்கு இன்டர்னாகச் சேர்ந்திருக்கிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஓட்ட சீசன் தொடங்கிவிடும். ஜனவரி, பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு சாலையில், ஏதாவது ஒரு நோக்கத்துக்காக, ஒரு கூட்டம் விடியற்காலையில் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றில் பலவற்றை நடத்துவது நாலைந்து பேர் வேலை செய்யும் சின்னத் தொண்டு நிறுவனமும் அங்கே புதிதாகச் சேர்ந்த ஒன்றிரண்டு இன்டர்ன்களும்தான். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைப் பக்கம் ஆயிரம் பேர் ஓடும் 5, 10 கிலோமீட்டர் நிகழ்ச்சி ஒன்றை மனதில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். கோவை, மதுரை என்றால் அலுவலகங்களின் பெயர்கள் மாறும். வேலை மாறாது.

எனக்கு விளையாட்டுப் பழக்கமே இல்லை. சேரலாமா?

தாராளமாக. இந்த வேலையில் பெரும்பகுதி போன், எக்செல், கடிதம், மறுபடியும் போன். ஒன்று மட்டும் செய்யுங்கள்: வேலை தொடங்குவதற்கு முன்போ முதல் மாதத்திலோ வேறு யாராவது நடத்தும் ஓட்டத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். ஓட வேண்டாம், தன்னார்வலராகப் போனாலும் போதும். பை வைக்கும் இடத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கிறது, கழிப்பறை எத்தனை இருக்கிறது, ஓடி முடித்தவருக்குத் தண்ணீர் எத்தனை அடி தூரத்தில் கிடைக்கிறது என்று பாருங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து திட்டமிடுபவர்கள் கோட்டை விடும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்.

முதல் வாரத்தில் யாரிடம் என்ன கேட்க வேண்டும்?

முதல் கேள்வி: இந்த ஓட்டத்தை எதற்காக நடத்துகிறோம்? நிதி திரட்டவா, நிறுவனத்தைப் பத்துப் பேருக்குத் தெரியவைக்கவா, பழைய நன்கொடையாளர்களை ஒரே இடத்தில் சந்திக்கவா? மூன்றும் மூன்று வேறு நிகழ்ச்சிகள். இயக்குநரிடமும் கணக்கரிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். இரண்டு பதில் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஆனால் அதை அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். கட்டணம் எவ்வளவு, யாரை அழைப்பது, மேடையில் என்ன பேசுவது எல்லாமே அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

அப்புறம் போன வருடத்து ஃபைல். அனுமதிக் கடிதங்களின் நகல், செலவுக் கணக்கு, பந்தல்காரர், ஜெனரேட்டர்காரர் போன் எண்கள். இவையெல்லாம் பழைய இன்டர்னின் சொந்த மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ மாட்டிக்கொண்டிருக்கலாம். அவரைத் தேடிப்பிடித்து வாங்கிவிடுங்கள்.

உங்களைப் பற்றியும் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். உதவித்தொகை உண்டா, வேலை நேரம் என்ன, ஆட்டோவுக்கும் ஜெராக்ஸுக்கும் கைக்காசு போட்டால் எத்தனை நாளில் திரும்ப வரும், யாரிடமும் கேட்காமல் எவ்வளவு வரை செலவு செய்யலாம். இதை ஒரு மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தொண்டு நிறுவனம் என்பதால் பணம் பற்றிப் பேசக்கூடாது என்ற எண்ணம் இரண்டு பக்கமும் இருக்கும். பேசாமல் விட்டால் நஷ்டம் பெரும்பாலும் இன்டர்னுக்குத்தான்.

ஆளுக்கு 600 ரூபாய் கட்டணம், ஆயிரம் பேர் என்றால் 6 லட்சம் வந்துவிடுமே?

வரும். போயும்விடும். ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: டி-ஷர்ட் 180, பதக்கம் 80, நேரம் கணக்கிடும் சிப்புடன் கூடிய எண் அட்டை 70, காலைச் சிற்றுண்டி 90, தண்ணீர், வாழைப்பழம், உப்பு-சர்க்கரைக் கரைசல் 30. ஆக ஒருவருக்கு 450. ஆயிரம் பேருக்கு நாலரை லட்சம் போனால் கையில் ஒன்றரை லட்சம். அதிலிருந்து மேடை, ஒலிபெருக்கி, தடுப்புகள், ஜெனரேட்டர், நடமாடும் கழிப்பறை, ஆம்புலன்ஸ், ஆன்லைன் பதிவுத் தளத்தின் கமிஷன் எல்லாம் எடுக்க வேண்டும். உங்கள் ஊர் விலைகள் முன்பின் இருக்கலாம். முடிவு பெரும்பாலும் இதேதான்: ஸ்பான்சர் இல்லாவிட்டால் கட்டணம் செலவுக்கே பற்றாது.

இதைச் சொன்னால் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. ஆனால் ஓட்டங்கள் மூலம் பெரிய அளவில் நிதி திரட்டுகிறவர்கள் கட்டணத்தை நம்புவதில்லை. மும்பையில் 2004-இல் தொடங்கிய மாரத்தானைப் பாருங்கள். இப்போது டாடா பெயரில் நடக்கிறது, யுனைடெட் வே மும்பை அதன் நிதி திரட்டும் பக்கத்தைக் கவனிக்கிறது. அங்கே ஓடுகிறவர் ஒரு தொண்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, ‘இதற்காக ஓடுகிறேன், உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்’ என்று தன் நண்பர்களிடமும் அலுவலகத்திலும் கேட்கிறார். பணம் வருவது அந்த வழியில். இன்னொரு கோடியில் டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டம் இருக்கிறது. புற்றுநோயால் ஒரு காலை இழந்த அந்த கனடிய இளைஞர் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட 1980-இல் செயற்கைக் காலோடு 143 நாட்கள், 5,373 கிலோமீட்டர் ஓடினார். மறுவருடம் இறந்துபோனார். அவர் பெயரில் நடக்கும் ஓட்டத்தில் போட்டியும் கிடையாது, பரிசும் கிடையாது. சென்னையில் ஐஐடி வளாகத்திலும் அது நடந்திருக்கிறது.

ஆகவே இன்டர்ன் என்ற முறையில் நீங்கள் முன்வைக்கக்கூடிய மிக உபயோகமான யோசனை இதுதான்: பதிவு செய்தவர்களில் ஐம்பது பேரையாவது நிதி திரட்டுபவர்களாக மாற்றுவது. அவர்கள் அனுப்புவதற்கு ஒரு பத்தி செய்தி, ஒரு படம், ஒரு லிங்க் தயார்செய்து கொடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை போன் செய்து ‘எப்படிப் போகிறது?’ என்று விசாரியுங்கள். மேடையை எந்தப் பக்கம் போடுவது என்று மூன்று மீட்டிங் போடுவதைவிட இதற்குப் பலன் அதிகம்.

ஸ்பான்சர்ஷிப் கேட்டுக் கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பிரிவுக்கு மெயில் அனுப்பச் சொல்கிறார்கள். பதிலே வரவில்லை.

கதவு மாறித் தட்டுகிறீர்கள். மாரத்தான் போன்ற ஒருநாள் நிகழ்ச்சிகளுக்குச் செய்யும் செலவு சிஎஸ்ஆர் கணக்கில் சேராது என்று மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 2014-லேயே விளக்கம் கொடுத்திருக்கிறது. தன் பொருளுக்கு விளம்பரம் தேடிச் செய்யும் ஸ்பான்சர்ஷிப் சிஎஸ்ஆர் ஆகாது என்பது 2021-இல் திருத்திய விதிகளிலும் இருக்கிறது. பேனரில் லோகோ வேண்டுமென்கிற கம்பெனியிடம் மார்க்கெட்டிங் பிரிவில் பேசுங்கள். ஊழியர்களை ஓட வைக்கலாம் என்றால் மனிதவளப் பிரிவு. நிறுவனத்தின் பள்ளிக்கோ சிகிச்சை மையத்துக்கோ வருடம் முழுக்க உதவி வேண்டுமென்றால் சிஎஸ்ஆர் பிரிவு, அதற்குத் தனிக் கடிதம்.

சின்ன ஸ்பான்சர்களை மறந்துவிடாதீர்கள். பக்கத்துத் தெரு பேக்கரி, எலும்பு மூட்டு கிளினிக், செருப்புக் கடை. நேரில் போனால் பேச்சு அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

பதிவுக் கட்டணத்துக்கு 80ஜி ரசீது (நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை பெற உதவும் ரசீது) கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

நீங்களாக ‘சரி’ சொல்லிவிடாதீர்கள். கட்டணம் கட்டியவருக்கு சட்டை, பதக்கம், சிற்றுண்டி என்று பதிலுக்கு ஏதோ கிடைக்கிறது. அதை முழு நன்கொடையாகக் காட்டுவது சிக்கல். பதிவுப் படிவத்தில் கட்டணத்துக்கு ஒரு கட்டம், நன்கொடைக்கு வேறொரு கட்டம் என்று பிரித்துவிட்டால் குழப்பமில்லை. நன்கொடைக்கு மட்டும் ரசீது. அதற்கு பெயர், முகவரி, பான் எண் மூன்றும் அப்போதே வாங்கிவிட வேண்டும். நிகழ்ச்சி முடிந்த பிறகு முன்னூறு பேருக்கு போன் போட்டு பான் எண் கேட்பதைப் போல அலுப்பான வேலை வேறில்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வந்தால் அதற்கு வரிச்சலுகை கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இது பயன்படாது. இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மற்றதை ஆடிட்டரிடம் விட்டுவிடலாம்.

சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தப்பா பணம் அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?

சித்தப்பாவின் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதைப் பொறுத்தது. இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், ரூபாயாகக் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) வைத்திருப்பதால் எதுவும் மாறாது. அப்போது நிறுவனத்துக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். பணம் முதலில் வந்து சேர வேண்டியது டெல்லி ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் அதற்கென உள்ள கணக்கில். பதிவு இல்லையென்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். நல்ல எண்ணத்தில் வாங்கிய பத்தாயிரம் ரூபாய்க்காக ஒரு நிறுவனம் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

யார் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

காவல்துறை (சட்டம் ஒழுங்கு), போக்குவரத்துக் காவல், மாநகராட்சி. இந்த மூன்றும் கட்டாயம். பெசன்ட் நகர் என்றால் மாநகராட்சியின் அடையாறு மண்டலம். கடிதம் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், பொறுப்பாளர் கையெழுத்தோடு போக வேண்டும். தேதி, தொடங்கும் முடியும் நேரம், எத்தனை பேர், எந்தத் தெருவில் நுழைந்து எங்கே திரும்புகிறார்கள் என்ற வரைபடம், எந்தெந்தச் சாலையை எவ்வளவு நேரம் மூட வேண்டும், ஆம்புலன்ஸ் ஏற்பாடு, ஒரு பொறுப்பாளரின் மொபைல் எண். இவ்வளவும் முதல் கடிதத்திலேயே இருந்தால் அலைச்சல் பாதியாகக் குறையும். இரண்டு மாதம் முன்பே கொடுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

அனுமதி கிடைக்கும் வரை ‘இடம்: எலியட்ஸ் கடற்கரை’ என்று போஸ்டர் அடிக்காதீர்கள். இதைச் சொல்லாத ஆளில்லை, கேட்கிற ஆளுமில்லை.

கடிதத்தால் வாங்க முடியாத அனுமதிகளும் உண்டு. ஞாயிறு காலையில் வேளாங்கண்ணி ஆலயத்தில் திருப்பலிக்கு வருகிறவர்கள், அஷ்டலட்சுமி கோயிலுக்குப் போகிறவர்கள், ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீன் விற்கிறவர்கள், தினமும் நடக்க வருகிற பெரியவர்கள் எல்லாருக்கும் அதே சாலைதான். ஒரு வாரம் முன்பே நேரில் போய், ‘ஐயா, இந்த ஞாயிறு ஐந்தரையிலிருந்து எட்டு வரை இந்தப் பக்கம் வண்டி விடமாட்டார்கள், இப்படிச் சுற்றி வரலாம்’ என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போய் தடுப்பைப் போட்டால் சண்டை உறுதி, நியாயமும் அவர்கள் பக்கம்தான். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி ஆலயத் திருவிழா. அந்த நாட்களில் அந்தப் பக்கம் தேதி குறிக்கவே வேண்டாம்.

எத்தனை மணிக்குத் தொடங்கலாம்? வார்ம்-அப் நடனத்துக்குப் பாட்டு போடலாமா?

சென்னை வெயிலுக்கு எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆனால் ஜனவரியில் சூரியன் உதிக்கவே ஆறரை ஆகிவிடும். ஐந்தரைக்கு ஓட விட்டால் தெருவிளக்கு எரியாத இடமெல்லாம் இருட்டு. முன்தினமல்ல, ஒரு வாரம் முன்பே அதே நேரத்தில் போய் எந்த விளக்கு எரியவில்லை என்று பார்த்து மாநகராட்சிக்குச் சொல்லுங்கள்.

பாட்டு விஷயத்தில் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. ஐந்தேகாலுக்கு சினிமா பாட்டு போட்டு ஆடவைத்தால் அடுக்குமாடியிலிருந்து போலீஸுக்கு போன் போகும். 10 கிலோமீட்டர்காரர்களைச் சத்தமில்லாமல் முதலில் அனுப்பிவிட்டு, ஆறு மணிக்குப் பிறகு 5 கிலோமீட்டர் கூட்டத்துக்கு மைக் எடுங்கள். குடும்பத்தோடு வருகிறவர்கள் இந்தக் கூட்டத்தில்தான் இருப்பார்கள், ஆட விரும்புகிறவர்களும் அவர்கள்தான்.

தண்ணீரைப் பேப்பர் கப்பில் கொடுத்தால் பிரச்சினை இல்லைதானே?

உண்டு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்த பொருட்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் இருக்கிறது. தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் கொடி, துணி மாதிரியே தோன்றும் ‘நான்-ஓவன்’ பை ஆகியவையும் அதில் உண்டு. ஓட்ட நிகழ்ச்சிக்கு வழக்கமாக வாங்கும் சாமான்களில் பாதி இதில் அடங்கிவிடுகிறது. பரிசுப் பைக்கு மஞ்சப்பை இருக்கவே இருக்கிறது. கொடிக்குத் துணி. தண்ணீருக்கு எவர்சில்வர் டம்ளரும் கேனும், கழுவ இரண்டு ஆளும். ‘பாட்டில் கொண்டுவாருங்கள், நிரப்பித் தருகிறோம்’ என்று பதிவின்போதே சொன்னால் ஐந்து கிலோமீட்டருக்குப் போதும். வேகமாக ஓடுகிறவர்கள் முனகுவார்கள். முனகட்டும்.

டி-ஷர்ட்டை எப்போது ஆர்டர் செய்ய வேண்டும்?

திருப்பூரில் செய்கிறீர்கள் என்றால், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள் என்பதை முதலில் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஜனவரி கடைசி வார ஓட்டத்துக்குப் பொங்கலுக்கு முன்பே சரக்கு கையில் இருக்க வேண்டும். ‘பொங்கல் முடிஞ்சதும் அனுப்பிடறோம் சார்’ என்பதை நம்பித் தேதி வைக்காதீர்கள்.

அளவு கேட்கும்போது எம், எல் என்று மட்டும் கேட்டால் ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த கம்பெனி அளவைச் சொல்வார்கள். மார்பளவை அங்குலத்தில் போட்டுக் கேளுங்கள். ஒரு மாதிரிச் சட்டையை வரவழைத்து, ஒருமுறை துவைத்து, நீங்களே போட்டு ஓடிப் பாருங்கள். ஸ்பான்சர் லோகோக்களுக்கு ஒரு கடைசித் தேதி வையுங்கள், அதற்குப் பிறகு யார் வந்தாலும் பேனரில் மட்டும்தான் இடம். இதை இயக்குநரே மீறுவார்.

5 கிலோமீட்டர் சரியாக இருக்கிறதா என்று போனில் பார்த்தால் போதாதா?

குடும்பத்தோடு ஓடும் நிகழ்ச்சிக்குப் போதும். ‘ஏறக்குறைய’ என்று எழுதிவிடுங்கள். நேரம் கணக்கிட்டுப் பரிசு கொடுக்கிறீர்கள் என்றால் போதாது. சர்வதேசச் சான்றிதழ் பெறும் ஓட்டங்களுக்கு சைக்கிள் சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்ட்டர் என்ற எண்ணியைப் பொருத்தி, ஓடுகிறவர் போகக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அளப்பார்கள். குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டியும் வைப்பார்கள். நமக்கு அவ்வளவு தேவையில்லை, கையால் தள்ளும் அளவுச் சக்கரமே போதும். கடற்கரைச் சாலை நீளம் குறைவு என்பதால் பாதையைச் சுற்றாகத்தான் போட வேண்டியிருக்கும். ஆகவே திரும்பும் இடத்தில் நிற்கிற ஆள்தான் முக்கியம். அவர் டீ குடிக்கப் போனால் அளந்ததெல்லாம் வீண்.

மருத்துவ ஏற்பாட்டுக்கு 108 இருக்கிறதே?

108 அவசரத்துக்கு அழைப்பதற்கு. உங்கள் நிகழ்ச்சிக்காக மூன்று மணி நேரம் நின்றுகொண்டிருக்க அல்ல. பக்கத்திலுள்ள மருத்துவமனையோடு பேசி ஆம்புலன்ஸ், டாக்டர், நர்ஸ் ஏற்பாடு செய்யுங்கள். விளம்பரம் கிடைக்கும் என்று சிலர் இலவசமாகவே வருவார்கள். ஆம்புலன்ஸ் எந்தத் தெரு வழியாக வெளியே போகும் என்று வரைந்து, அந்த வழியில் எவரும் வண்டி நிறுத்தாமல் பார்க்க ஒருவரை நிறுத்துங்கள்.

தெரிந்திருக்க வேண்டியது வெப்பத் தாக்கம். நம் ஊரில் காலை ஏழு மணிக்கே புழுக்கத்தில் வியர்வை காய்வதில்லை, அதனால் உடல் சூடு இறங்காது. ஓடிக்கொண்டிருந்தவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தாலோ உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் வண்டியில் ஏற்றுவது என்பது விளையாட்டு மருத்துவத்தில் நிலைபெற்ற முறை. அதற்கு முடிவுக்கோட்டருகே ஒரு பெரிய தொட்டி, தண்ணீர், ஐஸ் கட்டிகள் தயாராக இருக்க வேண்டும். மீன் மார்க்கெட் ஐஸே போதும். செலவு மிகக் குறைவு, ஆனாலும் பல பட்ஜெட்டுகளில் இந்த வரி இருப்பதில்லை.

தன்னார்வலர்களை எங்கே பிடிப்பது?

கல்லூரி என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) பிரிவுகள். அந்த மாணவர்களுக்கு வருடத்துக்கு 120 மணி நேரச் சேவை தேவை, உங்களுக்கு ஆள் தேவை. எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்று எழுதி, கையெழுத்திட்ட சான்றிதழை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். ‘அப்புறம் அனுப்புகிறோம்’ என்றால் அடுத்த வருடம் அந்தக் கல்லூரியிலிருந்து ஆள் வராது. தேவைக்கு மேல் கூடுதலாகவே அழையுங்கள், விடியற்காலை என்றால் சிலர் எழுந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு இடம், ஒரே ஒரு வேலை, மேலே யாருக்கு போன் செய்வது என்ற ஒரே ஒரு எண். மற்றதெல்லாம் மறந்துபோகும். காலைச் சாப்பாட்டை அவர்கள் நிற்கும் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

அதிகாலை மூன்று மணிக்கு வர வேண்டும் என்கிறார்கள். வீட்டில் விடமாட்டார்கள்.

வீட்டில் சொல்வது நியாயம்தான். அந்த நேரத்தில் மெட்ரோ கிடையாது, பஸ்ஸும் அரிது. நிறுவனம் வண்டி அனுப்ப வேண்டும், அல்லது முன்னிரவே பக்கத்தில் பாதுகாப்பாகத் தங்க இடம் தர வேண்டும், நீங்கள் பெண் என்றால் கூட இன்னொரு பெண் ஊழியரும் இருக்க வேண்டும். முதல் மாதத்திலேயே கேளுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் ‘எப்படியாவது வந்துடும்மா’ என்று முடித்துவிடுவார்கள். ஏற்பாடு இல்லையென்றால் ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அந்த நேரத்துக்கும் வேலை நிறைய மிச்சமிருக்கும்.

நிறுவனத்தின் காப்பகக் குழந்தைகளை மேடையில் ஏற்றிப் படம் எடுக்கலாமா?

வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஓட விரும்புகிற குழந்தைகள் மற்றவர்களோடு சேர்ந்து, அதே சட்டையில் ஓடட்டும். யார் காப்பகத்துக் குழந்தை என்று மைக்கில் சொல்ல ஒரு அவசியமும் இல்லை. முகம் தெரியும் படம் வெளியிடும் முன் நிறுவனத்தின் குழந்தைப் பாதுகாப்புக் கொள்கையைப் படியுங்கள். போட்டோகிராபருக்கும் அதைச் சொல்லுங்கள், அவர் உங்களைக் கேட்காமலே இரவில் எல்லாவற்றையும் ஏற்றிவிடுவார்.

மழை வந்துவிட்டால்?

தூறலுக்கு ஓடலாம். இடி மின்னல் என்றால் நிறுத்த வேண்டும். நிறுத்தும் முடிவை யார் எடுப்பார், எத்தனை மணிக்குள் எடுப்பார் என்பதை முன்பே எழுதிவையுங்கள். கட்டணம் திரும்பத் தருவோமா மாட்டோமா என்பது பதிவுப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

ஓட்டம் முடிந்ததும் என் வேலையும் முடிந்ததா?

பாதிதான். அன்று மாலைக்குள் முடிவுகளை வெளியிட வேண்டும், ‘என் நேரம் தப்பு’ என்று வரும் மெயில்களுக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். நன்கொடை கொடுத்தவர்களுக்கு அந்த வாரமே நன்றிக் கடிதம், எவ்வளவு சேர்ந்தது, எதற்குச் செலவாகும் என்ற தொகையோடு. பில்களைக் கணக்கரிடம் கொடுத்து, உங்கள் ஆட்டோக் காசை வாங்குங்கள். மிஞ்சிய சட்டைகளை எண்ணி அளவுவாரியாக எழுதுங்கள், அடுத்த வருட ஆர்டருக்கு அதுதான் ஆதாரம். போலீஸ் அனுமதிக் கடிதத்தின் நகல் முதல் ஐஸ்காரர் போன் எண் வரை எல்லாவற்றையும் நிறுவனத்தின் டிரைவில் போட்டுவிட்டு, அனுபவச் சான்றிதழில் ‘உதவினார்’ என்று பொதுவாக எழுதாமல் நீங்கள் பார்த்த வேலையையும் எண்களையும் குறிப்பிடச் சொல்லுங்கள். வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுத்தால் கையெழுத்து சீக்கிரம் கிடைக்கும்.